ஹாலோவீனுக்குப் பேய்ப் புத்தகம்: எந்த வயதுப் பிள்ளைக்கு எதை, எப்படித் தேர்ந்தெடுப்பது

மேல்நாட்டுப் பேய் வேடப் பண்டிகையான ஹாலோவீன் வரும் அக்டோபர் 31 நெருங்கினால் கோவை, திருப்பூர் பக்கம் சில பள்ளிகளிலும் அடுக்குமாடிக் குடியிருப்புகளிலும் கறுப்புத் துணியும் காகித வௌவாலும் வந்துவிடுகின்றன. கூடவே, "பிள்ளைக்கு ஒரு பேய்க்கதைப் புத்தகம் வாங்கணுங்க, எது நல்லது?" என்ற கேள்வியும் வருகிறது. பலரும் அட்டையைப் பார்க்கிறார்கள், பின்பக்கம் அச்சடித்த வயதைப் பார்க்கிறார்கள், வாங்கிவிடுகிறார்கள். தப்பு நடப்பது அங்கேதான். முதலில் பார்க்க வேண்டியது பிள்ளையை. அடுத்து புத்தகத்தின் கடைசிப் பக்கம், அதற்கப்புறம் படங்கள். வயது எண் கடைசியில்தான். இந்த வழிகாட்டியும் அதே வரிசையில் போகிறது.

1. முன்கூட்டியே தேவைப்படுபவை

ஒரு சின்ன நோட்டு, மூன்று நாள் கவனிப்பு, புத்தகத்தைப் பிள்ளைக்குத் தருமுன் நீங்கள் முழுக்கப் படிக்க அரை மணி நேரம். பெரிய பிள்ளைகளின் நாவலென்றால் இரண்டு மாலைப்பொழுது வேண்டும்.

ஒரு பிள்ளைக்கு மூன்று புத்தகம் போதும்: அவன் ஏற்கெனவே தாங்குவான் என்று தெரிந்த ஒன்று, அதைவிடக் கொஞ்சம் கூடுதலான ஒன்று, பேயே இல்லாத சிரிப்புப் புத்தகம் ஒன்று. மூன்றாவதைப் பலர் விட்டுவிடுகிறார்கள். பயந்த பிள்ளையைத் தூங்க வைக்குமுன் கையில் எடுக்க வேண்டியது அதுதான்.

2. தேதியைப் பின்னாலிருந்து எண்ணுங்கள்

புத்தகம் அக்டோபர் 10-க்குள் வீட்டில் இருக்க வேண்டும். முதல் வாசிப்பு 20-ஆம் தேதியையொட்டி, பகலில். 31 அன்று நடப்பது இரண்டாவது அல்லது மூன்றாவது வாசிப்பாக இருக்கட்டும். முடிவு தெரிந்த பயம் பிள்ளைகளுக்குத் தித்திக்கும். முடிவு தெரியாத பயத்தை விளக்கணைக்கும் நேரத்தில் கொடுத்தால் ராத்திரி முழுக்க உங்களுக்குத்தான் வேலை.

நம் பக்கம் நல்ல புத்தகக் குவியல் கிடைப்பது கோவை கொடிசியா புத்தகத் திருவிழாவிலும் ஈரோடு புத்தகத் திருவிழாவிலும். முன்னது பெரும்பாலும் ஜூலை, பின்னது ஆகஸ்ட். ஹாலோவீன் அப்போது யார் நினைப்பிலும் இருக்காது. ஆனால் புத்தகத்தைக் கையில் எடுத்துப் புரட்டிப் பார்க்க அதைவிட நல்ல இடம் கிடையாது. நோட்டோடு போய் அப்போதே எடுத்துவிடுங்கள்.

இணையத்தில் வாங்குகிறவர்கள் தீபாவளியைக் கணக்கில் வையுங்கள். 2024-இல் தீபாவளி அக்டோபர் 31 அன்றே வந்தது. மற்ற ஆண்டுகளிலும் அதை ஒட்டித்தான் வருகிறது. பண்டிகைக்கு முந்தைய இரண்டு வாரம் கூரியர் நெரிசல். இன்னொன்று, பட்டாசுச் சத்தத்துக்கு நடுங்கும் சின்னப் பிள்ளைக்கு அதே வாரத்தில் பேய்ப் புத்தகத்தைத் தொடங்காதீர்கள். எது எதனால் வந்த பயம் என்று பிரிக்கவே முடியாது.

வாங்குவதற்கு முன் கிளை நூலகத்தில் ஒருமுறை தேடுங்கள். ஒரு வாரம் இரவல் எடுத்துப் பார்த்து, பிள்ளை மறுபடி கேட்டால் மட்டும் வாங்கலாம்.

3. மூன்று நாள் பிள்ளையைக் கவனியுங்கள்

நோட்டில் எழுத வேண்டியது மூன்றே விஷயம்.

முதலாவது, இருட்டிய பிறகு பிள்ளை எந்த இடத்துக்குத் தனியாகப் போக மறுக்கிறது? மிக முக்கியமான கேள்வி இதுதான். தோட்டத்துச் சாளையில் வளரும் பிள்ளைக்குக் கிணற்றடி, மாடு கட்டும் கட்டுத்தரை, தோட்டங்களுக்கு நடுவே போகும் இட்டேரி எல்லாம் ராத்திரியில் நிஜமான இடங்கள். கழிப்பறை வாசலைத் தாண்டி இருந்தால் அந்தப் பத்தடியும் அப்படித்தான். அந்தப் பிள்ளைக்குக் கிணற்றுப் பேய்க்கதையைக் கொடுத்தால், கதையை மூடினாலும் கிணறு அங்கேயே இருக்கும். அடுக்குமாடியில் இருக்கும் பிள்ளைக்குக் கிணறு வெறும் கதைதான். அதற்குப் பயம் லிப்டிலும் குளியலறைக் கண்ணாடியிலும் கட்டிலடியிலும் இருக்கும். கதையில் வரும் பேயின் இருப்பிடம், பிள்ளை ராத்திரியில் நடக்கும் பாதையில் இருக்கக் கூடாது. கோட்டை, பனிக்காடு, கடற்கொள்ளையர் கப்பல் என்று தூரத்தில் நடக்கும் கதை நம் பிள்ளைகளுக்கு ஒரு படி இலேசாகவே இருக்கும். புளியமரத்துப் பேய்க்கதை ஒரு படி கனம். ஊர்ச்சாலை ஓரத்தில் புளியமரம் நிற்கிறதே.

இரண்டாவது, கார்ட்டூனில் பயமுறுத்தும் காட்சி வந்தால் பிள்ளை என்ன செய்கிறது? விரலிடுக்கில் பார்த்தால் தாங்கும், ஆசையும் இருக்கிறது. எழுந்து அடுத்த அறைக்குப் போய்விட்டால் ஒரு வயதுப் படி கீழே இறங்கித் தேர்ந்தெடுங்கள். சிரித்துவிட்டு ராத்திரி எழுந்து வந்தால் கூடுதல் கவனம் தேவை. வெளியே காட்டாத பிள்ளை இது.

மூன்றாவது, வீட்டில் சமீபத்தில் சாவோ, ஆஸ்பத்திரி வாசமோ நடந்ததா? அப்பாரு (தாத்தா) போய்ச் சேர்ந்த வருடத்தில் செத்தவர் திரும்பி வரும் கதை வேண்டாம். அரக்கன், சூனியக்காரி, பேசும் வௌவால் இவை பரவாயில்லை. செத்த மனிதரின் ஆவி மட்டும் வேண்டாம். பிள்ளை அதைக் கதையாக எடுத்துக்கொள்ளாது, காத்திருக்க ஆரம்பித்துவிடும்.

4. கடைசிப் பக்கத்தை முதலில் படியுங்கள்

கடையில் நின்றபடி ஐந்து நிமிடத்தில் செய்யக்கூடியது இது. புத்தகத்தைப் பின்னாலிருந்து திறங்கள். கடைசிப் பக்கம் பிள்ளையை எங்கே கொண்டுபோய் விடுகிறது? சொந்த வீட்டில், சாப்பாட்டுத் தட்டின் முன்னால், அம்மா பக்கத்தில் விட்டால் நடுவில் எவ்வளவு பயம் இருந்தாலும் தாங்கும். மாரிஸ் சென்டாக்கின் 'வேர் த வைல்ட் திங்ஸ் ஆர்' 1963-இல் வந்த படக்கதை. பல்லும் நகமுமாகப் பூதங்கள் பக்கம் பக்கமாக வரும். முடிவில் பையன் தன் அறைக்குத் திரும்புகிறான், ராச்சோறு அவனுக்காகக் காத்திருக்கிறது. கடைசிப் பக்கத்தில் படமே இல்லை, சோறு இன்னும் சூடாக இருந்தது என்ற ஒரு வரி மட்டும். அந்தச் சூடு போதும், பிள்ளை தூங்கிவிடும்.

"பேய் போய்விட்டது... ஆனால் ஜன்னலில் ஏதோ அசைந்தது" என்று முடியும் புத்தகம் ஒன்பது வயதுக்குக் கீழே வேண்டாம். பெரியவர்களுக்கு அது சாமர்த்தியமான முடிவாகத் தெரியும். சின்னப் பிள்ளைக்கு அது மூடாத கதவு.

அடுத்து, புத்தகத்திலேயே பயங்கரமான படம் எது என்று தேடி, கை நீளத்தில் பிடித்துப் பாருங்கள். கண்ணைக் கவனியுங்கள். பக்கவாட்டில் பார்க்கும் பூதம் கதைக்குள் இருக்கும். நேராக வாசகரையே முறைக்கும் பூதம் கதையை விட்டு வெளியே வரும். படம் எவ்வளவு வேலை செய்யும் என்பதற்கு ஆல்வின் ஸ்வார்ட்ஸின் 'ஸ்கேரி ஸ்டோரிஸ் டு டெல் இன் த டார்க்' நல்ல சாட்சி. 1981-இல் ஸ்டீபன் கேமலின் ஓவியங்களோடு வந்தது. 2011-இல் வேறொரு ஓவியரின் மென்மையான படங்களோடு மறுபதிப்பு வந்தபோது, பழைய வாசகர்கள் பயமே போய்விட்டது என்று குறைபட்டார்கள். அதே கதைகள், படம் மட்டும்தான் வேறு. ஆகவே, வார்த்தை எளிமையாக இருக்கிறது என்பதை மட்டும் பார்த்து வாங்கக் கூடாது.

மூன்றாவது, யார் பயத்தைத் தீர்க்கிறார்கள்? கதையில் வரும் பிள்ளையே யோசித்தோ, சிரித்தோ, சிநேகம் பிடித்தோ தீர்த்தால் மிக நல்லது. பெரியவர் வந்து அடித்து விரட்டும் கதையில், பெரியவர் இல்லாத நேரத்துக்குப் பிள்ளையிடம் ஒன்றும் மிஞ்சாது.

5. வயது வாரியாக

2–3 வயது. இந்த வயதுக்குப் பேய் தேவையே இல்லை. முகத்தை மூடித் திறந்து "பே" காட்டும் விளையாட்டே இவர்களின் பேய்க்கதை. தடித்த அட்டைப் பக்கங்கள், தூக்கிப் பார்க்கும் மடிப்பு, பக்கத்துக்கு ஒரு வரி, வட்ட முகங்கள். பூனை, ஆந்தை, நிலா, அரசாணிக்காய் (பரங்கிக்காய்). கண்ணும் வாயும் வெட்டிய ஹாலோவீன் பரங்கிக்காயைப் படத்தில் பார்த்ததும் "அரசாணிக்காய்க்கு எதுக்கும்மா கண்ணு?" என்று கேட்கும். புது வீட்டு வாசலில் கட்டும் திருஷ்டிப் பூசணியைக் காட்டுங்கள். அதற்கும் கண்ணும் மீசையும் உண்டு. தெரிந்த பொருளாகிவிட்டால் பாதி பயம் போய்விடும். மெல்லிய தாள் புத்தகம் வாங்காதீர்கள். இந்த வயதில் பிள்ளை தானே பக்கத்தைத் திருப்புவதும் மூடுவதும்தான் விளையாட்டு, கிழிந்தால் அது நின்றுபோகும்.

4–5 வயது. தேர்வு மிகவும் தவறிப்போகும் வயது இது. கற்பனை ஓடும், ஆனால் கதையில் வந்தது வீட்டுக்கும் வருமா வராதா என்பது இன்னும் உறுதிப்படவில்லை. "பேயெல்லாம் கிடையாது கண்ணு" என்று சொல்வதால் பயன் குறைவு. அதிகாரத்தைப் பிள்ளை கையில் கொடுக்கும் புத்தகமே இங்கே வேலை செய்யும். எட் எம்பர்லியின் 'கோ அவே, பிக் கிரீன் மான்ஸ்டர்!' 1992-இல் வந்தது. வெட்டிய ஓட்டைகள் உள்ள பக்கங்கள். ஒவ்வொரு பக்கமாகத் திருப்பத் திருப்பக் கண், மூக்கு, பல் என்று பூதம் உருவாகும். பாதிக்கு மேல் ஒவ்வொன்றையும் "போ" என்று சொல்லச் சொல்ல மறைந்து ஒன்றுமில்லாமல் போகும். இந்த அமைப்பைத்தான் எந்த மொழிப் புத்தகத்திலும் தேட வேண்டும்: பிள்ளை சொன்னால் பேய் கேட்கிறதா?

டொக் டொக், சரசர, கிறீச் என்று திரும்பத் திரும்ப வரும் ஓசைச் சொற்கள் இருந்தால் இன்னும் நல்லது. அடுத்து வருவது தெரிவதால், பிள்ளை பயத்தை எதிர்பார்த்து நிற்கும். எதிர்பார்த்த பயம் சிரிப்பாக மாறும். 32 பக்கத்துக்கு மேல் வேண்டாம். ஒரே மூச்சில் முடியாத கதை பாதிப் பயத்தோடு படுக்கைக்குப் போகும்.

6–8 வயது. தானே எழுத்துக்கூட்டிப் படிக்கத் தொடங்கும் வயது. இங்கே புதிதாக ஒரு சிக்கல்: மெதுவாகப் படிக்கிற பிள்ளை பயங்கரமான பக்கத்திலும் மெதுவாகத்தான் நகரும். நீங்கள் பத்து விநாடியில் தாண்டிய படத்தை அது இரண்டு நிமிடம் பார்க்கும். அதனால் முதல் வாசிப்பு சேர்ந்துதான். சமையல் தெரியாத பேய், இருட்டுக்குப் பயப்படும் வௌவால், பல் விழுந்த ரத்தக்காட்டேரி என்று சிரிப்புப் பேய்கள் இந்த வயதுக்கு அருமையாகப் பொருந்தும். அடுத்ததாகத் துப்பறியும் கதைகள். மாடியில் கேட்ட சத்தம் கடைசியில் மரநாயாக இருக்கும். காரணம் கண்டுபிடித்து முடியும் கதை, ராத்திரி ஓட்டின் மேல் சத்தம் கேட்டால் என்ன செய்யலாம் என்பதையும் சொல்லித் தருகிறது.

பிரதம் புக்ஸின் ஸ்டோரிவீவர் தளத்தில் தமிழ்க் கதைகள் இலவசமாகக் கிடைக்கின்றன, வாசிப்பு நிலை 1 முதல் 4 வரை பிரித்திருக்கிறார்கள். பிள்ளைக்கு நிலை 2 ஏற்றதா 3 ஏற்றதா என்று அங்கேயே சோதித்துவிட்டு அச்சுப் புத்தகம் வாங்கினால் பணம் வீணாகாது.

9–11 வயது. "பயமாவே இல்லை" என்று பீற்றிக்கொள்ளும் வயது. நண்பன் படித்தான் என்பதற்காகவே புத்தகம் கேட்பார்கள். ஆர். எல். ஸ்டைனின் 'கூஸ்பம்ப்ஸ்' வரிசை 1992-இல் தொடங்கியது, முதல் வரிசையிலேயே 62 புத்தகங்கள். அத்தியாய முடிவில் திடுக் என்று ஒரு பயம் வரும், அடுத்த அத்தியாய முதல் வரியில் அது தம்பி செய்த குறும்பாகத் தீரும். இந்த ஏற்ற இறக்கம் வாசிப்பில் இழுத்துப் போகும். ஆனால் இவை பெரும்பாலும் கடைசியில் ஒரு திருப்பம் வைத்தே முடிகின்றன. நான்காம் பகுதியில் சொன்ன கடைசிப் பக்க விதியை இங்கே தளர்த்த வேண்டும். பிள்ளை அந்தத் திருப்பத்தை ரசிக்கிறதா, உறைகிறதா என்பதை முதல் புத்தகத்திலேயே பார்த்துவிட்டு அடுத்ததை வாங்குங்கள். வரிசை முழுவதையும் மொத்தமாக வாங்காதீர்கள்.

தமிழில் இந்த வயதுக்கு வேதாளக் கதைகளை மிஞ்ச எதுவும் இல்லை என்பது என் துணிபு. 25 கதைகள். பிணத்தைத் தோளில் சுமந்த ராஜா, சுடுகாட்டு வழி, முருங்கை மரம். சூழல் பயங்கரம், ஆனால் ஒவ்வொரு கதையும் ஒரு கேள்வியில் முடிகிறது. பயம் போய் மூளை வேலை செய்ய ஆரம்பிக்கும். ராத்திரிக்கு ஒன்று, விடை சொல்லாமல் நிறுத்தி, காலையில் பேசலாம். ஒரு எச்சரிக்கை: சுருக்காத பதிப்புகளில் தலை வெட்டுவதும் கள்ள உறவும் தாராளமாக வரும். சிறுவர் பதிப்பா என்று அட்டையை நம்பாமல், நடுவில் மூன்று கதை படித்துப் பார்த்து எடுங்கள்.

12–14 வயது. பேயைவிட மனிதர்கள் பயமுறுத்தும் கதைகளை இவர்கள் தேடுவார்கள். மேரி ஷெல்லியின் 'பிராங்கென்ஸ்டைன்' 1818-இலும் பிராம் ஸ்டோக்கரின் 'டிராகுலா' 1897-இலும் வந்தவை. பழைய ஆங்கிலம், நீண்ட வாக்கியங்கள். சுருக்கப் பதிப்பில் தொடங்குங்கள். 'டிராகுலா' நாட்குறிப்பும் கடிதமுமாகப் போவதால் துண்டு துண்டாகப் படிக்க வசதி. 'பிராங்கென்ஸ்டைன்' என்பது உருவாக்கியவனின் பெயர், உருவான பிராணிக்குப் பெயரே கிடையாது. பிள்ளை படித்து முடித்ததும் இருவரில் யார் கொடியவர் என்று கேளுங்கள். சுவையான வாக்குவாதம் கிடைக்கும்.

இந்த வயதில் பெற்றோர் சறுக்கும் இடம் பஸ் ஸ்டாண்டுக் கடைப் பாக்கெட் நாவல். மாந்திரீகம், ஆவி என்று அட்டை சொல்லும், ஆனால் எழுதப்பட்டது பெரியவர்களுக்கு. தற்கொலை, பாலியல் வன்முறை, நரபலி எல்லாம் விவரமாக வரும். சில நன்றாகவே எழுதப்பட்டவைதான், ஆனாலும் நீங்கள் முழுக்கப் படித்த பிறகே கொடுங்கள்.

6. ஊர்ச் சாமியைப் பேயாக்காதீர்கள்

நம் ஊர்களில் முனியப்பனும் கருப்பண்ணசாமியும் உருட்டிய கண்ணும் ஓங்கிய அரிவாளுமாக ஊரெல்லையில் இருக்கிறார்கள். சின்னப் பிள்ளைக்குப் பேய்ப் படத்துக்கும் அந்தச் சிலைக்கும் வித்தியாசம் தெரியாது. முனியைப் பேயாக வரையும் புத்தகத்தைக் கொடுத்தால், அடுத்த நோம்பிக்குக் கோயிலுக்கு வர மறுக்கும். அப்பத்தாவுக்கும் மனசு நோகும். புத்தகத்தில் முனி வந்தால், காவல் காக்கிற சாமியாக வருகிறதா என்று பாருங்கள்.

மண்டையோடு, சமாதிப் படங்கள் வீட்டில் வேண்டாம் என்று பெரியவர்கள் சொல்வதும் உண்டு. வாங்குவதற்கு முன்னாலேயே அவர்களிடம் காட்டிவிடுங்கள். கதை சொல்ல அம்மாயியையே உட்கார வைத்தால் எதிர்ப்பு பாதியாகக் குறையும். அப்படியே இன்னொன்றையும் கேட்டுக்கொள்ளுங்கள்: "பூச்சாண்டி வர்றான், வாயைத் தொற சாமி" என்று சோறூட்டுவதை இந்த மாதம் மட்டுமாவது நிறுத்த வேண்டும். தட்டு முன்னால் மிரட்ட வரும் பூச்சாண்டி, புத்தகத்துக்குள் விளையாட்டாக இருக்க மாட்டான்.

7. மொழியைச் சோதியுங்கள்

ஏதாவது ஒரு பக்கத்தைப் பிள்ளையிடம் கொடுத்துச் சத்தமாகப் படிக்கச் சொல்லுங்கள். தெரியாத சொல்லுக்கு ஒரு விரல் மடக்குங்கள். ஐந்து விரலும் மடங்கினால் தானாகப் படிக்க முடியாது, நீங்கள்தான் படித்துக்காட்ட வேண்டும். இங்கிலீஷ் மீடியம் பிள்ளையானாலும் தமிழ்ப் பக்கத்துக்குத் தனியாகச் சோதியுங்கள். இரண்டும் ஒரே நிலையில் இருப்பது அபூர்வம்.

ஆங்கிலப் படக்கதையைத் தமிழில் சொல்லிக்கொண்டே போவதாக இருந்தால் எதுகையில் ஓடும் கதையைத் தவிருங்கள். சந்தம் போனால் பேய் மட்டும் மிஞ்சும், வேடிக்கை போய்விடும்.

8. வீட்டில் வெவ்வேறு வயதுப் பிள்ளைகள் இருந்தால்

சேர்ந்து கேட்கும் கதை சின்னதின் அளவுக்குத்தான். பெரியவனுக்குத் தனிப் புத்தகம், தனி நேரம், எட்டாத உயரத்தில் தனி அடுக்கு. சத்தமாகப் படித்துக்காட்டும் வேலையைப் பெரியவனிடம் கொடுங்கள், பெருமைக்காகவே சின்னக் கதையைச் சந்தோஷமாகப் படிப்பான். தம்பியைப் பயமுறுத்தக் குரலை மாற்றினால் அன்றைக்கு அந்த வேலை போய்விடும் என்று முன்னாலேயே சொல்லி வையுங்கள்.

நாற்பது பேர் உள்ள வகுப்புக்கு வாசிக்கும் ஆசிரியர்கள், அந்த வயதுக்குச் சொன்னதில் ஒரு படி கீழே எடுங்கள். நாற்பது வீட்டுக் கதை உங்களுக்குத் தெரியாது.

9. வாசிக்கும் நாள், பயந்துவிட்டால்

முதல் வாசிப்பு வெளிச்சத்தில், திண்ணையிலோ வாசலிலோ. பிள்ளை மடியிலோ பக்கத்திலோ இருக்கட்டும். பக்கம் திருப்பும் உரிமை அதற்கே. "மூடு" என்று சொன்னால் உடனே மூடுங்கள், "இன்னும் ஒரே பக்கம்தான்" என்று இழுக்காதீர்கள். சொன்னால் மூடிவிடுவார்கள் என்று தெரிந்த பிள்ளை அடுத்த முறை தைரியமாகத் திறக்கும். கடைசியில் "பே!" என்று கத்திச் சிரிக்க வைப்பது பலர் செய்வது. அன்றோடு அந்தப் புத்தகத்தின் மேல் நம்பிக்கை முடிந்தது.

நடுராத்திரி எழுந்து வந்தால் விளக்கைப் போடுங்கள், தண்ணீர் கொடுங்கள், சிரிப்புப் புத்தகத்தை எடுங்கள். பேய் உண்டா இல்லையா என்ற வாதம் அப்போது வேண்டாம். மறுநாள் பகலில் அந்தப் பேயை வரையச் சொல்லி, அதற்கு ஒரு தொப்பியோ பாவாடையோ போடச் சொல்லுங்கள். பிறகு புத்தகத்தை எங்கே வைக்கலாம் என்று பிள்ளையையே கேளுங்கள். பரணுக்கு மேல் என்றால் பரணுக்கு மேல். அதுவாக இறக்கச் சொல்லும்வரை நீங்கள் இறக்காதீர்கள். இரண்டு வாரத்துக்கு மேல் தூக்கம் கெட்டால், புத்தகத்தை மட்டும் காரணமாக நினைக்காமல் குழந்தை மருத்துவரிடம் சொல்லுங்கள்.

நவம்பர் முதல் வாரத்தில் நோட்டில் இரண்டு வரி எழுதி வையுங்கள்: எந்தப் பக்கத்தில் கண்ணை மூடியது, எந்தப் பக்கத்தை மறுபடி கேட்டது. அடுத்த ஜூலையில் கொடிசியாவுக்குப் போகும்போது அந்த நோட்டு பையில் இருக்கட்டும்.